பந்தி முடிந்த பிறகு என்ன பேசுவது?

கோவையில் வேலை பார்க்கும் ஒரு பெண் கேட்டிருந்தார்: "கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது. பொங்கல் நோம்பிக்குக் காங்கேயம் பக்கம் கணவரின் ஊருக்குப் போவோம். இருபத்தைந்து பேர் கூடுவார்கள். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பாதிப் பேர் போனைப் பார்க்கிறார்கள். மீதிப் பேர் அரசியலிலோ நிலத்திலோ ஆரம்பித்துச் சண்டையில் முடிக்கிறார்கள். என்னிடம் எல்லோரும் கேட்பது 'விசேஷம் உண்டா?' என்ற ஒரே கேள்விதான். இந்தப் பேச்சை நல்லபடியாக மாற்ற முடியுமா?"

முடியும். கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்து எனக்கு முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். தீபாவளி, பொங்கல், மாரியம்மன் நோம்பி என்று வருடத்தில் மூன்று முறையாவது எங்கள் ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில், முப்பது இலை விழும். விடிய விடியப் பேசிச் சிரித்த இரவுகளும் உண்டு, ஒரே ஒரு வார்த்தையால் குடும்பம் இரண்டாகிப்போன இரவும் உண்டு. இரண்டையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

சாப்பிடும் நேரத்தில் பேச்சை வளர்க்க முயல வேண்டாம், அம்மிணி. விருந்துப் பேச்சைப் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் யோசனைகள் பெரும்பாலும் ஒரு மேசையைச் சுற்றி முகம் பார்த்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் சாப்பிடுகிறவர்களுக்கானவை. நம் பந்தியில் வரிசையாக உட்காருகிறோம். கண்ணுக்கு எதிரே இருப்பது பரிமாறுகிறவரின் கால். பதினைந்து நிமிடத்தில் இலையை மூடி எழுந்தால்தான் அடுத்த பந்திக்கு இடம். இலைக்கு முன்னால் பேசாதே என்று வளர்க்கப்பட்ட பெரியவர்களை அங்கே பேச வைப்பது அவர்களுக்கும் சங்கடம். "இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா?" என்பதுதான் அந்த நேரத்துக்கு உரிய பேச்சு. அதை அன்பாகக் கேட்டாலே போதும். நம் குடும்பங்களில் உண்மையான பேச்சு பெண்கள் பந்தியும் முடிந்து, வாசலில் ஜமுக்காளம் விரித்து, வெற்றிலைத் தட்டு வந்த பிறகுதான் தொடங்குகிறது. அந்த ஒன்பது மணிக்குத்தான் நீங்கள் தயாராக வேண்டும்.

விரிக்கும்போது ஒரே இடமாக விரிக்காதீர்கள். ராபின் டன்பார் என்ற ஆங்கிலேய ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும், மக்கள் தாமாகச் சேர்ந்து பேசும் இடங்களில் கவனித்து 1995-ல் எழுதினார்கள்: ஒரு பேச்சு சுமார் நான்கு பேர் வரைதான் தாங்குகிறது, அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் தானாகவே இரண்டாகப் பிரிகிறது. எங்கள் வாசலில் நான் கண்டதும் அதுவே. இருபத்தைந்து பேரையும் ஒரே பேச்சில் கட்டிப்போட நினைத்தால், குரல் பெரிதாக உள்ள ஒருவர் மட்டும் பேசுவார், மற்றவர்கள் போனை எடுப்பார்கள். திண்ணையில் ஒரு பாய், வேப்பமரத்தடியில் ஒரு கயிற்றுக் கட்டில், வாசலில் இரண்டு பவானி ஜமுக்காளம் என்று தள்ளித் தள்ளிப் போடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கிழவராவது ஒரு குழந்தையாவது இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும், மற்றவர்கள் தாமாக வந்து சேர்வார்கள்.

பெண்களுக்கு ஒன்பது மணி வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும் என்பதை நான் சந்தகை என்ற எங்கள் பக்கத்து இடியாப்பம் பிழியும்போது கற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டில் இருப்பது கால் வைத்த பழைய இரும்பு அச்சு. ஒருவர் ஆவி பறக்கும் மாவை உள்ளே வைத்துக் கீழே வட்டலை ஏந்த வேண்டும், இன்னொருவர் பிடியை அழுத்திச் சுற்ற வேண்டும். ஆறிவிட்டால் இறங்காது. ஆகவே இரண்டு பேரும் ஒரு மணி நேரம் நகர முடியாது. என் ஓரகத்தி வீட்டுக்கு வந்த நான்கு வருடமும் என்னிடம் "சரிங்க அக்கா"வுக்கு மேல் பேசியதில்லை. ஒரு பூப்பறிக்கும் நோம்பிக்கு நாங்கள் இருவர் மட்டும் அச்சில் நின்றோம். மூன்று ஈடு வரை தேங்காய்ப்பாலுக்கு எத்தனை மூடி உடைப்பது என்ற பேச்சுதான். நான்காவது ஈட்டில், அச்சிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அக்கா, எங்கள் அப்பா இந்த வீட்டில் ஏன் இன்னும் ஒரு வாய் சாப்பிடவில்லை என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. கல்யாணத்தன்று முதல் பந்திக்கு அவரை யாரும் முறையாகக் கூப்பிடவில்லையாம். மண்டபத்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, வெளியே ஒரு டீயைக் குடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாராம். அடுத்த தீபாவளிக்கு என் கணவரே அவர் ஊருக்குப் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவந்தார். அந்த மனிதர் எங்கள் ஆசாரத்தில் உட்கார்ந்து கொள்ளுப் பருப்பு ஊற்றிச் சாப்பிட்டபோது ஓரகத்தி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நேருக்கு நேர் உட்காரவைத்து "உனக்கு என்ன குறை?" என்று கேட்டிருந்தால் அவள் ஆயுசுக்கும் சொல்லியிருக்க மாட்டாள். உங்கள் நாத்தனாரோ மாமியாரோ பேச மாட்டார்கள் என்றால், அவர்களோடு சேர்ந்து இரண்டு பேருக்கான ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவரைக்காய் உரிப்பது, மொச்சை பிதுக்குவது, ஒப்புட்டுக்குப் பூரணம் உருட்டுவது, எதுவானாலும் சரி.

ஆண்களில் சிலர் உட்கார்ந்தால் பேச மாட்டார்கள், நடந்தால் பேசுவார்கள். அவர்களோடு காலையில் பட்டிக்கோ கிணற்று மேட்டுக்கோ போய்வரும்படி உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

வாசலில் எதை வைத்து ஆரம்பிப்பது? ஒரு பொருளை வைத்து. உங்கள் கணவர் வீட்டு அட்டாலியில் பித்தளைப் பாத்திரம் இருக்கும். பெயர் வெட்டியிருக்கும். அதை இறக்கிப் புளி போட்டுத் துலக்கி வாசலுக்குக் கொண்டுவந்து, "இது யார் கொடுத்தது?" என்று கேளுங்கள். எங்கள் வீட்டுத் தவலையின் கழுத்தில் "காதுகுத்துச் சீர் 1961" என்று உளியால் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது. நாத்தனாரின் ஒன்பது வயது மகன் ஒரு பொங்கலன்று விரலால் தடவிப் படித்துவிட்டு என் மாமனாரிடம் போனான். அது அவருடைய அக்காள் மகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீராக வாங்கியது, அந்தப் பெண்ணே பிற்பாடு திருப்பிக் கொடுத்தது என்று சொன்னார். அந்த வருடம் கையில் பணம் இல்லை, ஜோடியில் ஒரு மாட்டை விற்றுத்தான் சீர் செய்தேன் என்றும் சொன்னார். பெரியவர்கள் நாங்கள் "அடடா" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிருப்போம். பையன் விடவில்லை. "ஒரு மாட்டை வைத்துக்கொண்டு அப்புறம் எப்படித் தண்ணீர் இறைத்தீர்கள்?" என்றான்.

மாமனார் எழுந்து கோலப்பொடியை வாங்கிவரச் சொன்னார். வாசலில் கிணற்றை வட்டமாகப் போட்டார், அதிலிருந்து சரிவாக இறங்கும் வாரியைக் கோடாக இழுத்தார். மாடுகள் வாரியில் இறங்கும்போது வடம் இழுபட்டுத் தண்ணீர் மொள்ளும் சால் மேலே வருவதையும், அதன் அடியில் கட்டிய தோல் வழியாகத் தண்ணீர் தொட்டியில் கொட்டுவதையும், மாடுகள் பின்னாலேயே நடந்து மேலேறுவதையும் கையால் காட்டினார். ஓட்டுகிறவன் இறங்கும்போது வடத்தின் மேல் உட்கார்ந்துகொள்வான் என்றபோது எழுபத்தெட்டு வயதில் குந்தி உட்கார்ந்தே காட்டினார். அதற்குப் பெயர் கவலை. கவலை ஓட்டுவது என்றால் வருத்தப்படுவது என்று நினைத்திருந்த பிள்ளைகள் சிரித்து உருண்டார்கள். ஒற்றை மாட்டுக்கு ஜோடியாகப் பக்கத்துத் தோட்டத்து மாட்டை இரவல் வாங்கி, அவர்கள் இறைத்து முடித்த பிறகு நடு இரவில் இவர் இறைத்திருக்கிறார். பதினோரு மாதம். இந்தக் கதை என் கணவருக்கே தெரியாது. நாற்பது வருடமாக அந்தத் தவலையில் தண்ணீர் பிடித்திருக்கிறோம்.

அந்தப் பையன் கேட்டது இரண்டாவது கேள்வி. நீங்கள் பழக வேண்டியது அதைத்தான். ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், எதிராளி சொன்ன பதிலிலிருந்தே அடுத்த கேள்வியை எடுத்துக் கேட்கிறவர்களை மக்களுக்கு அதிகம் பிடிக்கிறது என்று கண்டார்கள். பள்ளியில் பிள்ளைகளோடு இருந்தவள் என்ற முறையில் எனக்கு இது வியப்பாக இல்லை. "எந்த ஊர்ப் பள்ளியில் படித்தீர்கள்?" என்பதற்கு ஊர் பெயர் பதிலாக வரும், அதோடு முடியும். "அவ்வளவு தூரம் மழையில் எப்படிப் போவீர்கள்?" என்றால் ஓடை வரும், தலையில் சுமந்த சிலேட்டு வரும், கரையில் காத்திருந்த தோழி வருவாள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும் என்பது இன்னும் முக்கியம். வயதானவர்கள் ஒரு பெயரைத் தேட நேரம் எடுப்பார்கள். அந்த இடைவெளியில் நாம் புகுந்து நம் கதையைச் சொல்லிவிடுகிறோம், அவர்கள் கதை அங்கேயே நின்றுபோகிறது.

இனி "விசேஷம் உண்டா?" என்ற கேள்விக்கு வருகிறேன். இது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும், எனக்கு ஆறு வருடம் கழித்துத்தான் பிள்ளை பிறந்தது. கேட்கிற பெரிய அத்தைக்கு உங்களைப் புண்படுத்தும் எண்ணம் பெரும்பாலும் இருக்காது. உங்கள் கம்ப்யூட்டர் வேலையைப் பற்றி அவருக்குக் கேட்கத் தெரியாது, உங்களோடு பேச ஆசை, கையில் இருக்கும் ஒரே கேள்வியைப் போடுகிறார். வேறு பேச்சை நீங்களே எடுத்துக் கொடுங்கள். "இருந்தால் முதலில் உங்களுக்குத்தான் சொல்வேன், அத்தை. நீங்கள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் யாரோடு முதலில் பேசினீர்கள், சொல்லுங்கள்" என்று பக்கத்தில் உட்கார்ந்துவிடுங்கள். நான் பார்த்த அளவில் புது மருமகளாக வந்த அந்த முதல் வருடத்தைப் பற்றிப் பேச மறுத்த பெண் ஒருத்தியும் இல்லை.

ஆனால் இந்தக் கேள்வியைத் தடுக்கும் பொறுப்பு உங்களுடையது மட்டுமில்லை. மருத்துவமனைக்கு அலைந்துகொண்டிருந்தாலோ, ஏதேனும் இழப்பு நடந்திருந்தாலோ, சிரித்துச் சமாளிக்கும்படி உங்களை விடக் கூடாது. உங்கள் கணவர் நோம்பிக்கு நான்கு நாள் முன்பே தன் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் போன் செய்து, "இந்த முறை அவளிடம் அதைக் கேட்காதீர்கள்" என்று சொல்ல வேண்டும். மகன் சொன்னால் ஒரு வாக்கியத்தில் முடியும். மருமகள் சொன்னால் அது வேறு பேச்சாகிவிடும்.

அரசியலுக்குத் தடை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தடை போட்ட வீடுகளில் பெரியவர்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கருத்தைக் கேட்பதற்குப் பதில் நடந்ததைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு சித்தப்பாக்கள் இரண்டு கட்சி, தேர்தல் வந்தால் ஒரே கட்டிலில் உட்கார மாட்டார்கள். 1972-ல் மின் கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் கட்டை வண்டிகளைக் கோவைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள் அல்லவா, அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று ஒருமுறை கேட்டுவைத்தேன். இரண்டு பேரும் ஒரே வண்டியில் போயிருக்கிறார்கள். எந்த மாடு மிரண்டது, வழியில் யார் சோறு போட்டார்கள் என்று ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்துச் சொல்லி, பதினொரு மணி வரை ஓடியது.

உங்கள் பக்கத்தில் இன்னொரு பேச்சு கட்டாயம் வரும். கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாமா கூடாதா என்பது. கடைமடைக்குத் தண்ணீர் சேர வேண்டும் என்கிறவர்களும், கசிவு நின்றால் கிணறு வற்றிவிடும் என்கிறவர்களும் ஒரே வீட்டில் அண்ணன் தம்பியாக இருக்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் அவரவர் பிழைப்பு இருக்கிறது, ஒரு இரவில் தீராது. அந்தப் பேச்சு சூடாகும்போது மூத்தவர் ஒருவரைப் பார்த்து, "வாய்க்கால் வருவதற்கு முன் இந்தக் காட்டில் என்ன விளைந்தது?" என்று கேளுங்கள். இந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் பவானிசாகர் அணை 1955-ல் முடிந்தது. ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடி 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குப் பாயும் அந்தத் தண்ணீர் முதன்முதலாக ஊருக்குள் வந்த நாளைச் சிறு பிள்ளையாக நின்று பார்த்தவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். கம்பும் சோளமும் விளைந்த மேட்டுக் காட்டில் நெல் நட்டதை அவர்கள் சொன்னால்தான் உண்டு.

நிலப் பாகம், கிணற்று முறை, நகைக் கணக்கு ஆகியவற்றை மட்டும் நோம்பி நாளில் யார் எடுத்தாலும் நிறுத்திவிடுங்கள். இதில் நான் கொஞ்சமும் இளகுவதில்லை, காரணம் இருக்கிறது. ஒரு தீபாவளி மதியம், எங்கள் பந்தியில் கடைசியாகப் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் மோட்டார் முறை என்று கொழுந்தனார்களில் ஒருவர் சும்மா கேட்பதுபோல் கேட்டார். "உன் பங்குக்கு நீ என்ன செலவு செய்தாய்?" என்று இன்னொருவர் திருப்பிக் கேட்டார். முதலாமவர் இலையை மூடாமல் எழுந்து போனார். பாயசம் இலையில் வழிந்து ஓரத்தில் ஆடை கட்டும் வரை அந்த இலையை எடுக்க எனக்குக் கை வரவில்லை. எட்டு வருடம் அவர் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. பிற்பாடு அதே கணக்கை ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமையில், பத்திரங்களை எடுத்துவைத்து, ஊர்ப் பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்தில் முடித்தோம். ஆகவே அந்தப் பேச்சை யாராவது எடுத்தால், "மாமா, இதற்குத் தை கடைசி ஞாயிறு உட்காரலாமா?" என்று தேதி கேளுங்கள். பேச்சைத் தட்டிக்கழித்ததாகவும் இராது, இலையும் கெடாது. ஆனால் அந்த ஞாயிறு கட்டாயம் உட்கார வேண்டும்.

போனைப் பிடுங்கிக் கூடையில் போடும் வேலை வேண்டாம். பெரிய பிள்ளைகளிடம் அதையே வேலையாகக் கொடுங்கள். அப்பச்சி பேசுவதைப் பதிவு செய்ய ஒருவன், பழைய கல்யாண ஆல்பத்தில் யார் யார் என்று அம்மாயியிடம் கேட்டுப் படத்தோடு பெயரைச் சேர்த்து வைக்க ஒருத்தி. கையில் போன் இருக்கும், காது பெரியவரிடம் இருக்கும். அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்து உளவியலாளர்கள் மார்ஷல் டியூக்கும் ராபின் ஃபிவுஷும் 2001-ல் பிள்ளைகளிடம் இருபது கேள்விகள் கேட்டார்கள். உன் தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், உன் அப்பா அம்மா எப்படிச் சந்தித்தார்கள், நீ பிறந்த அன்று என்ன நடந்தது என்ற மாதிரியான கேள்விகள். குடும்பக் கதை அதிகம் தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற எண்ணமும் கூடுதலாக இருந்தன. பதில்களை உருப்போட வைத்தால் அந்தப் பலன் வந்துவிடாது, பல வருடம் சேர்ந்து உட்கார்ந்து சொல்லியும் கேட்டும் வந்த பழக்கமே முக்கியம் என்றும் டியூக் எழுதியிருக்கிறார்.

ஏறியதை மட்டும் சொல்லாமல் இறங்கியதையும் சொல்கிற குடும்பக் கதைதான் பிள்ளைகளுக்கு அதிகம் உதவுகிறது என்பதும் அவர்கள் கண்டது. நம் பக்கத்தில் இது கடினம். தறி போட்டு முன்னேறினோம், பனியன் கம்பெனி வைத்தோம், மில் வாங்கினோம் என்பதை ஆயிரம் முறை சொல்வோம். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது என் தம்பியின் சிறிய பட்டறையும் மூடியது. சாயக் கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டைப் பார்த்தவள் நான், அந்த உத்தரவு தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் தம்பி அதன் பிறகு நான்கு வருடம் டெம்போ ஓட்டிக் கடனை அடைத்ததை அவன் மகனுக்கே யாரும் சொல்லவில்லை. பையன் பன்னிரண்டாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்து அறைக்குள் அடைந்து கிடந்த பொங்கலில், கட்டிலில் உட்கார்ந்து தம்பியே வாய் திறந்தான். விடியற்காலை மூன்று மணிக்குக் காய்கறி ஏற்றியதையும், பழைய கூட்டாளி ஒருவர் சந்தையில் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் சொன்னான். பையன் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து, "அந்த டெம்போ எங்கேப்பா?" என்று கேட்டான்.

சின்னப் பிள்ளைகளுக்கு உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. சிவன்மலை ஆண்டவன் உத்தரவுப் பெட்டி. பக்தர் யாருடைய கனவிலாவது முருகன் வந்து ஒரு பொருளைச் சொன்னால், கோயிலில் பூப்போட்டுக் கேட்டு, உத்தரவு கிடைத்தால் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள், அடுத்த உத்தரவு வரும் வரை அது இருக்கும். தண்ணீர் வைத்திருந்தபோதுதான் சுனாமி வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது என்ன இருக்கிறது, அடுத்து உன் கனவில் வந்தால் என்ன வரும் என்று கேட்டுப் பாருங்கள். ஆறு வயதுப் பிள்ளையும் எண்பது வயதுப் பாட்டியும் சம பலத்தோடு பேசுவார்கள்.

முதல் வருடமே எல்லாம் நடந்துவிடாது. இந்தப் பொங்கலுக்கு ஒரு பாத்திரம், பெரிய அத்தையோடு ஒரு மணி நேரம், அவ்வளவு போதும். இரவு பதினொரு மணிக்கு மேல் ஒரு நேரம் வரும். குழந்தைகள் ஜமுக்காளத்திலேயே தூங்கியிருப்பார்கள், பட்டியில் மாடு அசைந்தால் கழுத்து மணி கேட்கும், நான்கு பேர் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு தீர்ந்துவிட்டதே என்று பதறி எதையாவது எடுத்துவிடாதீர்கள். உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டு நீங்களும் உட்காருங்கள்.